தனியாகப் போனவர்கள்



மெக்கானிக்கல் பையனிடம் ‘ஹெவி மெட்டல்’ என்று சொன்னால் அவன் ஃபவுண்டரியைத்தான் நினைப்பான். காஸ்ட் அயர்ன், மண் அச்சு, கையுறையையும் தாண்டி ஏறும் சூடு! அது ஒரு பாட்டு வகைக்குப் பெயர் என்று எனக்குத் தெரிந்ததே ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான். எலெக்ட்ரானிக்ஸ் நண்பன் ஒருவன் பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டுகளைத் தன் செல்போனில் வைத்துக்கொண்டு எந்நேரமும் கேட்பான். முதலில் எனக்கு அது பழைய ஷேப்பிங் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. (சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.) பத்து நாளில் காது பழகிவிட்டது. அப்புறம் பிடித்தும் போய்விட்டது.

2025 ஜூலை 5-ந் தேதி அந்தக் குழுவின் பழைய நால்வரும் தங்கள் சொந்த ஊரான பர்மிங்ஹாமில், வில்லா பார்க் மைதானத்தில், கடைசி முறையாக மேடை ஏறினார்கள். அந்த நால்வரும் ஒன்றாக வாசித்து 20 வருடம் ஆகியிருந்தது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். முதலில் தன்னுடைய தனிக் குழுவோடு தன் சொந்தப் பாட்டுகள். அது முடிந்து பழைய தோழர்களோடு பழைய பாட்டுகள். 17 நாள் கழித்து, ஜூலை 22-ல், மனிதர் இறந்தே போனார்.

அந்த வீடியோக்களை மெஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. 1979-ல் ஆஸியைக் குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள். அடுத்த வருடமே அவர் தனியாக ஒரு ஆல்பம் போட்டு உலகப் புகழ் பெற்றார். குழுவும் ரோனி ஜேம்ஸ் டியோ என்ற வேறு பாடகரை வைத்து அதே 1980-ல் ஒரு ஆல்பம் போட்டது. அதுவும் நன்றாகவே போனது. அப்படியானால் உண்மையான ஆள் யார்? ஆஸியா, கிடார்க்காரர் டோனி அயோமியா? ஒருவன் “ஆஸி இல்லாம அது பேண்டே இல்ல” என்றான். இன்னொருவன் “அந்தக் கிடார் இல்லாட்டி ஆஸி யாருடா?” என்றான். தட்டில் ரசம் ஆறியது.

பக்கத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த மெஸ் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏந் தம்பி, இதுக்கு எதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போறீங்க? நம்ம விஸ்வநாதன் ராமமூர்த்தி பிரிஞ்ச கதை தெரியாதா? ஒருத்தரு ராஜாவா இருந்தாரு. இன்னொருத்தரு இருக்கற எடமே தெரியாமப் போயிட்டாரு. கூட்டை உட்டுப் போனா அப்படித்தானுங்க” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடைசிப் பேச்சு தொண்டையில் நின்றது. ஏன் என்பதைத்தான் இந்த மலரில் எழுத நினைத்தேன். பாட்டைப் பற்றித் தொடங்கினாலும் இது கடைசியில் நம்முடைய ப்ராஜெக்ட் பேட்ச் வரைக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற நமக்கு, அந்தப் பக்கம் 1930-களிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ என்று பெரிய சினிமா ஸ்டுடியோ இருந்தது தெரியுமா? ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே படம் எடுத்தது. அங்கே இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. அவரிடம் எடுபிடியாக வந்து சேர்ந்த பையன்தான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன்.

ஒருநாள் நாயுடுவுக்கு ஒரு பாட்டுக்கு மெட்டு சரியாக அமையவில்லை. அவர் இல்லாத நேரத்தில் பையன் ஆர்மோனியத்தை எடுத்து ஒரு மெட்டு வாசித்துப் பார்த்திருக்கிறான். அது நாயுடு காதில் விழுந்துவிட்டது. திட்டவில்லை. அந்த மெட்டையே வைத்துக்கொண்டார்; ஒரு பையன் போட்டது என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். படம் 1948-ல் வந்த ‘அபிமன்யு’. பாட்டு பிரபலமாயிற்று. பெயர் பெரியவருக்குப் போயிற்று. பிறகு ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது, குழுவில் எல்லாரையும் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். அப்போதுதான் நாயுடு முதலாளியிடம் போய், அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டது இந்தப் பையன், இவனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று உண்மையைச் சொன்னாராம். எம்.எஸ்.வி. இதைப் பின்னாளில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

நன்றி சரிதான். எனக்கும் நாயுடு மேல் மரியாதைதான் வருகிறது. சொல்லாமலே இருந்திருக்கலாமே, சொன்னாரே! ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. ஜூபிடர் ஊரை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் அந்த உண்மை எப்போது வெளியே வந்திருக்கும்?

சென்னையில் விஸ்வநாதன் சி.ஆர். சுப்பராமன் குழுவில் சேர்ந்தார். அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் டி.கே. ராமமூர்த்தி. 1922-ல் திருச்சியில் வயலின் குடும்பத்தில் பிறந்தவர், விஸ்வநாதனுக்கு ஆறு வயது மூத்தவர். 1952-ல் சுப்பராமன் சின்ன வயதிலேயே இறந்துபோக, ‘தேவதாஸ்’ உள்பட பாக்கி நின்ற வேலைகளை இந்த இரண்டு பேரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அதே வருடம் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்துக்கு இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. இந்தியில் சங்கர் ஜெய்கிஷன் இருக்கிற மாதிரி நீங்களும் இருங்கள் என்று கலைவாணர்தான் சேர்த்து வைத்தார் என்பார்கள். மூத்தவர் பெயர் ஏன் இரண்டாவதாக வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. சின்னவன் முன்னால் போகட்டும், பெரியவர் பின்னால் நின்று தாங்கிக்கொள்ளட்டும் என்று கலைவாணர் சொன்னாராம். அன்பாகச் சொன்னதுதான். பின்னால் நிற்பவர் மேல் வெளிச்சம் விழாது என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். 1961-ல் மட்டும் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’. ஒரே வருடத்தில்! 1964-ல் ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ‘காதலிக்க நேரமில்லை’. ‘கர்ண’னின் கனமும் ‘காதலிக்க நேரமில்லை’யின் குறும்பும் ஒரே வருடத்தில் ஒரே கூட்டிலிருந்து எப்படி வந்தது என்று இப்போது கேட்டாலும் ஆச்சரியமாக இருக்கிறது. 1963-ல் சென்னையில் ஒரு விழாவில் சிவாஜி கணேசன் கையால் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் கிடைத்தது. மன்னர்கள் என்று பன்மையில் கொடுத்த பட்டம் அது. 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார்கள். அப்புறம் ஊர் வாயில் ‘மெல்லிசை மன்னர்’ என்று ஒருமையாகிவிட்டது. அந்த ஒருமை யாரைக் குறிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். பிரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். கேட்டுப் பார்க்கப் படங்கள் இருக்கின்றனவே.

எம்.எஸ்.வி. தனியாக நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். ‘அன்பே வா’ 1966, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973, ‘அபூர்வ ராகங்கள்’ 1975, ‘நினைத்தாலே இனிக்கும்’ 1979... நம் கல்லூரி விழாவில் எல்லாரும் எழுந்து நிற்கிறோமே, அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்தின் மெட்டும் அவர் தனியாக வந்த பிறகு போட்டதுதான். ராமமூர்த்திக்கு ஏறத்தாழ இருபது படங்கள். ‘சாது மிரண்டால்’, ‘தேன் மழை’, ‘மறக்க முடியுமா’ மூன்றும் 1966. ‘ஆலயம்’, ‘நான்’ இரண்டும் 1967. ‘நீலகிரி எக்ஸ்பிரஸ்’ 1968 (நம்ம மேட்டுப்பாளையம் ரயிலின் பேரில் வந்த படம்!). 1969-ல் சிவாஜி நடித்த ‘தங்கச் சுரங்கம்’.

மெஸ் அண்ணன் இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னார். நூற்றுக்கணக்கில் ஒருவர், இருபது ஒருவர். ஆகவே ராமமூர்த்தி கூட்டை விட்டு வந்தது தப்பு. நான் சொல்கிறேன், கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். ‘மெட்டு விஸ்வநாதனுடையது, வாத்தியக் கோர்வை ராமமூர்த்தியுடையது’ என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மையானால் ராமமூர்த்தியால் தனியாக ஒரு மெட்டும் போட்டிருக்க முடியாது. ‘மறக்க முடியுமா’ பாட்டுகளைக் கேளுங்கள். ‘நான்’ படத்தைக் கேளுங்கள். மெட்டுத் தெரியாதவர் போட்டதா அது? அதே மாதிரி, வாத்தியக் கோர்வை தெரியாத எம்.எஸ்.வி.யால் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ செய்திருக்க முடியுமா? இரண்டு பேருக்கும் இரண்டு வேலையும் தெரியும். அவர்கள் தனியாகப் போகாமல் இருந்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்கவே செய்யாது.

அப்படியானால் அந்த இருபது ஏன் இருபதிலேயே நின்றது? இதற்கு என்னிடம் இருக்கிற பதில் சினிமாவிலிருந்து வந்ததல்ல, லேத்துப் பட்டறையிலிருந்து வந்தது.

எங்கப்பாவும் அவர் சினேகிதர் ஒருவரும் சேர்ந்து கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார்கள். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர். எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும்; ஆனால் வெர்னியர் படிப்பார், போரிங்கில் கை சுத்தம். சினேகிதர் வெளிவேலை. ஆர்டர் பிடிப்பது, டெலிவரி கொடுப்பது, பில்லுக்கு அலைவது. கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் அவர் முகம்தான் தெரியும். ஒருநாள் இரண்டு பேரும் பிரிந்தார்கள். பெரிய சண்டையெல்லாம் இல்லை, ஆளுக்கு ஒரு லேத். ஆறே மாதத்தில் அவர் பட்டறையில் மூன்று ஆள் வேலை செய்தார்கள். எங்கப்பா லேத்தை விற்றுவிட்டு வேறொரு இடத்தில் சம்பளத்துக்குப் போனார். சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “கூட்டாளி இருந்தவரைக்கும் ஓடுச்சு. அவரு இல்லாம இவருக்கு என்ன தெரியும்?”

என்ன தெரியும்! அந்தப் பட்டறையிலிருந்து போன சாமான் ஒவ்வொன்றும் அவர் கடைந்தது. ஆனால் எந்தச் சாமானிலும் கடைந்தவன் பேர் இருக்காது. பில்லில் பட்டறைப் பேர் இருக்கும், போனில் சினேகிதர் குரல் இருக்கும். பிரிந்த அன்று மார்க்கெட்டுக்குத் தெரிந்திருந்தது ஒரு பேர்தான். ராமமூர்த்தி விஷயத்திலும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஸ்டுடியோவிலே வயலினோடு நின்றவருக்கும் தயாரிப்பாளர் முன்னால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம், சேர்ந்திருந்தவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சினேகிதர் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார். எம்.எஸ்.வி.யும் அப்படித்தான், கூட்டாளியைக் குறைத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் 1995-ல் திரும்பவும் சேர்ந்து ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு இசையமைத்தார்கள். நம்ம ஊர் சத்யராஜ் நடித்த படம்தான். எத்தனை பேருக்கு அதன் பாட்டு ஞாபகம் இருக்கிறது? கை தட்டுங்கள் பார்க்கலாம்! அதே இரண்டு பேர். ஆனால் 1961 திரும்ப வரவில்லை. எப்படி வரும்? கண்ணதாசன் இல்லை. பி. சுசீலாவும் டி.எம். சௌந்தரராஜனும் காலையிலிருந்து மைக் முன்னால் நின்ற நாட்கள் இல்லை. அக்கார்டியன் மங்களமூர்த்தி, கிடார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட் என்று ஒரு படையே இருந்தது அந்தக் காலத்தில். இரண்டு பேர் கூட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இருபது முப்பது பேர் கூட்டு. அதில் இரண்டு பேருக்குப் பேர் வந்தது. அந்த இரண்டிலும் ஒன்று மங்கிவிட்டது.

இப்போதும் பாருங்கள். கோயில் நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வந்தால் ‘பாசமலர்’ பாட்டுக்கு அறிவிப்பாளர் “எம்.எஸ்.வி. இசையில்” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார். அவருக்கு ராமமூர்த்தி மேல் கோபமா? ஒன்றுமில்லை. ஒரு பேர் சொன்னால் வேலை சீக்கிரம் முடிகிறது. 2012-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்று ஒரே பட்டம் கொடுத்து, ஆளுக்கு 60 தங்கக் காசும் ஆளுக்கு ஒரு காரும் கொடுத்தார். சமமாகக் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அப்போது ராமமூர்த்திக்கு வயது 90. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். எம்.எஸ்.வி. 2015 ஜூலையில் போனார்.

திரும்பவும் பர்மிங்ஹாமுக்கு வருகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் நண்பன் இதைப் படிப்பான், அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஊரும் நம்ம ஊர் மாதிரிதான்: இரும்பு, பட்டறை, ஷிஃப்ட். அயோமி 17 வயதில் ஒரு தகடு வேலைத் தொழிற்சாலையில் இருந்தார். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள், மெஷினில் வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது வலது கை. வேறு யாராக இருந்தாலும் கிடாரைப் பரணில் போட்டிருப்பார்கள். அவர் ஒரு பாத்திரம் கழுவும் சோப்புப் பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி வாசித்தார். பிறகு விரலுக்கு நோகாமல் இருக்கத் தந்தியைத் தளர்த்திக் கட்டினார். அதனாலும்தான் அந்தச் சத்தம் அவ்வளவு கனமாக வந்தது. (இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அவர் கட்சி. நம் வொர்க் ஷாப்பில் பிரஸ் பக்கத்தில் நின்று கதை பேசுகிறவர்களும் இதைக் கவனிக்கவும்.)

1986-ல் அவர் தனி ஆல்பம் ஒன்று போட நினைத்தார். கம்பெனி விடவில்லை. அட்டையில் ‘பிளாக் சப்பாத்’ என்ற பேரையும் போட்டுத்தான் விற்றார்கள். தனியாகச் செய்ததற்குக் கூட்டுப் பேர்! ஆஸியின் கதை இதற்கு நேர் எதிர். அவருடைய முதல் தனி ஆல்பத்தில் பாட்டெழுதியதில் பெரும்பங்கும் பேஸ் கிடாரும் பாப் டெய்ஸ்லி என்பவர், டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக், கிடார் ராண்டி ரோட்ஸ். ‘தனி’ ஆல்பம் என்பதே நாலு பேர் வேலை. பின்னால் பணத் தகராறு வந்து கோர்ட்டுக்குப் போக, 2002-ல் அந்த ஆல்பத்தைத் திரும்ப வெளியிட்டபோது டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் வாசித்ததை அழித்துவிட்டு வேறு ஆட்களை வைத்து வாசித்துச் சேர்த்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2011-ல் பழையபடியே வெளியிட வேண்டியதாயிற்று. நம்ம ஊரில் பேரைச் சுருக்கினார்கள், அங்கே வாசித்ததையே அழித்தார்கள். ஆகவே, ஆஸியா அயோமியா என்று கேட்ட நண்பா, பேர் வராத டெய்ஸ்லியையும் சேர்த்துக் கேள்.

இனி நம்ம கதை.

ஐந்தாவது செமஸ்டரில் எங்கள் பேட்ச்சில் ஐந்து பேர். தேங்காய் மட்டை உரிக்கிற மெஷின். (தெரியும், வருடா வருடம் யாராவது செய்வதுதான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் பேட்ச்சில் இருந்தால் வேறு என்ன செய்ய?) ஒருத்தன் டிராயிங், ஒருத்தன் வெல்டிங், ஒருத்தன் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து மோட்டாரும் செயினும் கொண்டு வந்தான், ஒருத்தன் ரிப்போர்ட் டைப் செய்தான். ஷாஃப்டும் ரோலரும் நான் கடைந்தேன். வெளியே ஒரு கல்லூரியில் நடந்த போட்டிக்குக் கொண்டு போனோம். நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவன்தான் விளக்கம் சொன்னான். பரிசு கிடைத்தது. மேடையில் ஒரு பேர்தான் கூப்பிட்டார்கள். போட்டோவில் ஒரு முகம்தான். அவனும் வேண்டுமென்று செய்யவில்லை, எங்களைத் திரும்பிப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான், பாவம்.

அடுத்த வாரமே வெல்டிங் செய்தவன் பேட்ச்சை விட்டுப் போய்விட்டான். தனியாக வேறு ப்ராஜெக்ட் செய்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டான். நாங்கள் என்ன செய்தோம்? துரோகி என்றோம். மெஸ்ஸில் அவன் உட்கார்ந்த வரிசையில் உட்காரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கினோம். நான் முன்னால் நின்று செய்யவில்லை. ஆனால் ஒன்றரை மாதம் அவனோடு பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தன். எங்கப்பாவைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசியபோது எனக்கு வந்த கோபமெல்லாம் அப்போது எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. அவன் வெல்டு செய்த பிரேம் மேல்தான் எங்கள் மெஷின் நின்றது. இரவு பத்து மணி வரை கண்ணில் எரிச்சலோடு நின்று வைத்த வெல்டு. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவனைத் துரோகி என்றோம்.

ஒருநாள் சாயங்காலம் அவனே வொர்க் ஷாப்புக்கு வந்தான். “ஒரு ஷாஃப்ட் கடையோணும். எனக்கு டேப்பர் ஒழுங்கா வரமாட்டேங்குது, பண்ணித் தர்றியா?” என்றான். வேறெதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கம்பியை வாங்கிச் சக்கில் மாட்டினேன். முக்கால் மணி நேர வேலை.

அவனுடைய மெஷின் எங்களுடையதைவிட நன்றாக ஓடியது என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஓடவில்லை. வைவா அன்று பெல்ட் நழுவியது. மார்க் எங்களுக்குத்தான் கூட. நான் சொல்ல வந்தது அதுவல்ல. அவன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், கேட்பார் யாருமில்லாமல், தானாகவே ஒரு பட்டியல் எழுதியிருந்தான். மோட்டார் யாரிடம் இரவல் வாங்கியது, பெயின்ட் அடிக்க யார் உதவினார்கள், டைப்பிங் யார் என்று. அதில் ஒரு வரி ‘ஷாஃப்ட் கடைசல்’ என்று போட்டு, எதிரே என் பேரும் ரெஜிஸ்டர் நம்பரும். எங்கள் ஐந்து பேர், அப்புறம் நாலு பேர், ரிப்போர்ட்டில் ரெஜிஸ்டர் நம்பர் வரிசையில் பேர் இருக்கிறது. யார் என்ன செய்தான் என்று ஒரு வரி கிடையாது. ஓடிப்போனவன் என்று நாங்கள் சொன்னவன் பேர் எங்கள் ரிப்போர்ட்டில் எங்குமே கிடையாது.

அந்தப் பக்கத்தை எங்கப்பாவிடம் காட்டினேன். படித்துக் காட்டச் சொன்னார். ஷாஃப்ட் வரி வந்ததும், “இதைப் போயி எழுதுவாங்களா கண்ணு?” என்றார்.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரை எச்.ஓ.டி.க்களும் படிப்பார்கள் என்பதால் இங்கேயே வைக்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து எல்லாப் பிரிவிலும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். டிராயிங் யார், வெல்டிங் யார், கடைசல் யார், இரும்பு வாங்கி வந்தது யார், பாதியில் போனவன் போகுமுன் என்ன செய்துவிட்டுப் போனான் என்று. வைண்டிங்குக்கு ஒரு பக்கம் கூடினால் இரண்டு ரூபாய்கூட ஆகாது. பரிசு மேடையிலும் பேட்ச் முழுவதையும் கூப்பிடட்டும். பேசத் தெரியாதவனும் ஏறி நிற்கட்டும், ஒன்றும் பேச வேண்டாம்.

எங்கள் ரிப்போர்ட் லைப்ரரிக்குப் போய்விட்டது. லைப்ரேரியன் சாரிடம் கேட்டு, கடைசிப் பக்கத்தில் பேனாவால் ‘பிரேம் வெல்டிங்’ என்று எழுதி அவன் பேரைச் சேர்த்திருக்கிறேன். சார் முதலில் முறைத்தார். அப்புறம் எழுதிக்கோ என்றார்.

— இறுதியாண்டு, மெக்கானிக்கல்